அம்மம்மாவின் கையெழுத்து எங்கேதான் செல்லும்?

வடக்கு மாகாணத்தில் சிறுவர் பராமரிப்புக்கும் சமூக சேவைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும், யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாமல் அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, மாமி கையில் வளரும் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் ஏன் இவ்வளவு பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் சண்டை. பிறகு குவைத்தும் சவூதியும். இடையில் விட்டுவிட்டுப் போன தகப்பன்மார், மறுமணங்கள், வள்ளமேறி அவுஸ்திரேலியா போகப் புறப்பட்டவர்கள். எல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதனால் அண்மையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நான் வடமராட்சியில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாத அம்மம்மாமார் பின்னேரங்களில் என்னிடம் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 69. மகள் குவைத்தில் வீட்டு வேலை. இவரோடு இரண்டு பேரப்பிள்ளைகள். மருமகனைப் பற்றிக் கேட்டால் "இருக்கிறான்" என்பார், அதற்குமேல் பேசமாட்டார்.

மூத்த பேரன் மதிலிலிருந்து விழுந்து முழங்கை உடைந்துவிட்டது. கம்பி வைக்க வேண்டும், நாளைக்கு ஒப்பரேஷன் என்று சொல்லி, மயக்க மருந்துக்காக இரவிலிருந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். காலையில் சம்மதப் படிவம் வந்தது. அம்மம்மா பேனையை வாங்கியதும் தாதி கேட்டார், "நீங்கள் தாயா? சட்டப்படி பாதுகாவலரா?" இவர் தன் சொப்பிங் பையைக் கவிழ்த்தார். பிறப்புச் சான்றிதழ், மகளின் கடவுச்சீட்டுப் பிரதி, தடுப்பூசி அட்டை, கிராம அலுவலர் தந்த கடிதம். அந்தக் கடிதத்தில் பிள்ளை இவரோடு இந்த முகவரியில் வசிக்கிறான் என்று மட்டும்தான் இருந்தது. இவர் கையெழுத்து வைக்கலாம் என்று எந்தத் தாளிலும் இல்லை. தாயிடம் கேளுங்கள் என்றார்கள். குவைத்தில் மகளின் போன் வீட்டுக்கார அம்மாவின் கையில். வேலை முடிந்து இரவில்தான் கிடைக்கும். பொடியன் பசியில் கட்டிலில் கிடந்தபடி, "அம்மான்ர பேரை நீங்களே எழுதுங்கோ அம்மம்மா, ஆருக்குத் தெரியப்போகுது" என்றானாம். அன்றைக்கு அவன் முறை தவறிவிட்டது. இரவு தாய் போனில் வந்து டொக்டரோடு கதைத்த பிறகு, அடுத்த நாளுக்காக மறுபடியும் பட்டினி.

வைத்தியசாலையை நான் குறை சொல்ல வரவில்லை. உயிர் போகிற அவசரம் என்றால் காத்திருந்திருக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். நாளைக்கு ஏதும் நடந்தால், யார் சம்மதத்தில் வெட்டினாய் என்று டொக்டரைத்தான் கேட்பார்கள். அவருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதற்கு முன் நடந்ததையும் கேளுங்கள். 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றிருந்தது. அதற்கு மேல் என்றால், பிள்ளையை யார் பார்ப்பார் என்று காட்ட வேண்டும். (2022இல் அந்த 5 வயது 2 ஆகிவிட்டது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டால் பிள்ளைகளும் கெதியாக வளர்ந்துவிடுவார்கள் போலும்.) இந்த மகளும் சின்னவளுக்கு 5 முடியும்வரை காத்திருந்துதான் போனாள். அப்போது உங்கள் உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்தார்கள். படுக்கிற அறை எது, கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, பெண் பிள்ளை யாரோடு தூங்கும் என்றெல்லாம் கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான். எல்லாம் முடிய, பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிறேன் என்று அம்மம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

தாயைக் கப்பலேற்ற அந்தக் கையெழுத்துச் செல்லும். பிள்ளையின் கைக்குக் கம்பி வைக்கச் செல்லாது. இது என்ன கணக்கு என்று தயவுசெய்து எங்களுக்கு விளங்கப்படுத்துங்கள்.

நாங்கள் கேட்பது புதிய திணைக்களம் இல்லை. பிள்ளையை வளர்க்கும் உறவினருக்குப் பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட ஒரு பராமரிப்பாளர் அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறோம். வைத்தியசாலை, பாடசாலை, வங்கி, அடையாள அட்டை விண்ணப்பம் எல்லாவற்றிலும் அது செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். கொழும்பைக் கேட்காமல் செய்ய முடியாது என்றால், கொழும்பைக் கேளுங்கள்.

"நீதிமன்றம் போகலாமே" என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. போகலாம். சட்டத்தரணிக்குக் காசு, தவணைக்குத் தவணை அலைச்சல், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அம்மம்மாவுக்கு அன்றைக்குக் கிளினிக் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது. அதை உங்கள் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து பார்த்து, இந்தக் கிழவிக்குச் சீனி, பிறசர், வருமானம் இல்லை என்று எழுதி, பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கு எடுத்துவிடுவாரோ என்ற பயம். இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், முதலில் உறவினர் வீடு என்று 2019இன் தேசிய மாற்றுப் பராமரிப்புக் கொள்கை சொல்கிறது. கொள்கை அலுமாரியில் இருக்கிறது. பயம் வீட்டில் இருக்கிறது. உதவி கேட்க வேண்டிய இடத்தைப் பார்த்தே ஆட்கள் ஒளிகிறார்கள் என்றால், பிழை ஒளிபவர்களிலா?

காசு விஷயத்தை அதிகம் இழுக்கவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வந்தபோது சந்தோஷப்பட்டோம். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தாயும் இருக்கிறாள், தகப்பனும் எங்கேயோ இருக்கிறான். அந்த வாசலில் இவர்கள் நிற்க முடியாது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கான கணக்கெடுப்பில் வெளிநாட்டில் ஆள் இருக்கிறாரா என்ற பேச்சு வந்ததுமே வந்தவரின் முகம் மாறிவிடும். அந்த ஆள் மாதக்கணக்காகக் காசு அனுப்பவில்லை என்பதை எழுத அங்கே இடமில்லை. முதியோர் கொடுப்பனவுக்கு 70 ஆக வேண்டும். இடையில் நிற்பவர் முட்டையும் பாலும் விற்றுக் கொப்பி வாங்குகிறார்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறான எங்கள் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கினார்கள். தாய் செத்து, தகப்பன் மறுமணம் செய்து, பிள்ளையை உறவுக்காரர் எடுத்து வளர்த்தால், தாயின் சீதனத்தையும் பிள்ளையோடு கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. வளர்ப்பவர் வெறுங்கையோடு வளர்க்க முடியாது என்பது கப்பலில் வந்த வெள்ளைக்காரனுக்கே விளங்கியிருக்கிறது.

ஒக்டோபர் 1 சிறுவர் தினம். அதே நாள்தான் முதியோர் தினமும். ஒவ்வொரு வருடமும் காலையில் பிள்ளைகளுக்கு பலூன், பின்னேரம் முதியவர்களுக்குப் பொன்னாடை, இரண்டுக்கும் தனித்தனிப் பதாகை. கந்தோரிலும் அப்படித்தான்: சிறுவர் உரிமைக்கு ஒரு மேசை, முதியோருக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒன்று, சமூக சேவைக்கு ஒன்று. பிள்ளையும் கிழவியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு எந்த மேசை என்று கேட்டால், ஒவ்வொருவரும் பக்கத்து மேசையைக் காட்டுகிறார்கள். இதை மாகாண சபையில் யாராவது எழும்பிக் கேட்கலாம் என்றால், அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலையே காணோம். சரி, அது உங்கள் கையில் இல்லாத விஷயம். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். பிரதேச செயலகம் ஒவ்வொன்றிலும் கிழமையில் ஒரு நாள், ஒரே மேசையில், இந்த வீடுகளின் விஷயத்தைப் பார்க்க ஓர் உத்தியோகத்தரை இருத்துங்கள். பிள்ளையைப் பறிக்க வரவில்லை என்று அவர் முதலில் சொல்லட்டும். பள்ளிக்கூடத் தவணைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். பிள்ளைக்கு அந்த வீட்டில் ஏதும் தீங்கு என்றால் தலையிடட்டும், அதற்கு நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். கிளினிக் நாளும் பள்ளிக்கூடக் கூட்டமும் ஒன்றாக வந்தால் யாரை அனுப்புவது என்றும் அவர் யோசிக்கட்டும். பாடசாலை வட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியை வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கு அதை வாசித்துச் சொல்ல ஆள் பிடித்துத் தருவதும் ஒரு சேவைதான்.

எல்லாவற்றுக்கும் முதல் அந்தப் பத்திரம். தாய் போகும்போது எடுத்த பெயரும் கையெழுத்தும் உங்களிடம் இருக்கின்றன. அதையே ஒரு தாளில் அடித்து, முத்திரை குத்தி, உரியவர் கையில் கொடுங்கள். சுற்றறிக்கைக்குக் காலம் எடுக்கும் என்றால், அதுவரை பிரதேச செயலாளரின் தலைப்புக் கடிதத்தில் "இவரே பிள்ளையின் பராமரிப்பாளர்" என்று ஒரு வரி எழுதித் தந்தாலும் இப்போதைக்குப் போதும். படிவங்களை நிரப்பிக் கொண்டுவரும் வேலையை நானும் என்னோடு படிப்பிக்கும் மற்ற ஆசிரியைகளும் பார்த்துக்கொள்கிறோம். எந்த நாளில், எந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து அறிவியுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்
வடமராட்சி, யாழ்ப்பாணம்