மௌனத்தையும் கேட்கப் பழக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவ உளவியலில் முதுநிலை படிப்பவர்கள் நோய்க்குப் பெயர் சொல்லவும் சோதனைகளுக்கு மதிப்பெண் போடவும் நன்றாகவே கற்கிறார்கள். சரி, அது வேண்டியதுதான். ஆனால் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தி அரை நிமிடம் மௌனமானால், பலர் உடனே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். சிகிச்சையாளர் எங்கே முந்திக்கொண்டார், எங்கே அறிவுரையில் இறங்கினார் என்பதெல்லாம் பதிவில் அப்படியே தெரிந்துவிடும். அவர் 1957இல் வலியுறுத்திய பரிவுணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, பாசாங்கின்மை மூன்றையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். பழக்கத்துக்கு வர, கூட உட்கார்ந்து கேட்டுத் திருத்தும் ஆசிரியர் வேண்டும்.

ரோஜர்ஸ் முன்னெடுத்த இந்த மனிதநேய உளவியலை ஒரு தேர்வுத் தாளோடு முடிக்காமல், பல்கலைக்கழகங்கள் இப்படி ஆசிரியர் கூட இருந்து திருத்தும் மேற்பார்வை நேரத்தைக் கூட்ட வேண்டும். உரையாடலைப் பதிவு செய்ய, சிகிச்சைக்கு வந்தவரின் ஒப்புதல் கட்டாயம்.