ஆண்டறிக்கை: பிரான்ஸ் பெண்டாவைக் கேட்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது சங்கத்தின் இவ்வாண்டு மாதக் கூட்டங்கள் அனைத்தும் ஒரே இசையமைப்பாளருக்கு ஒதுக்கப்பட்டன. பாக்கின் தலைமுறைக்கும் மொசார்ட்டின் தலைமுறைக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்து ஒரு வயலின் கலைஞரை எடுத்துக்கொள்வது என்று முடிவானபோது, ஜெர்மனியின் மன்ஹைம் அரசவை இசைக்குழுவைப் பெயர்பெறச் செய்த யோஹான் ஸ்டாமிட்ஸைச் சிலர் முன்மொழிந்தார்கள். நீண்ட விவாதத்திற்குப் பிறகு பிரான்ஸ் பெண்டா தேர்வானார். இருவரும் இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் பிறந்தவர்கள். ஆனால் சிம்பொனியின் வரலாற்றைப் பேசும் எவரும் ஸ்டாமிட்ஸை விட்டுவிட முடியாது, பெண்டாவையோ பெரும்பாலோர் பிரஷ்ய மன்னரின் புல்லாங்குழலுக்குப் பக்கம் வாசித்தவர் என்ற அளவில்தான் அறிவார்கள். அந்த அறிமுகம் அவருக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆண்டு முழுவதும் கேட்டதில் அது மேலும் வலுப்பட்டிருக்கிறது.

முதல் கூட்டங்கள் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றியவை. அவர் 1709ஆம் ஆண்டு நவம்பரில், இசேரா ஆற்றங்கரையிலுள்ள பெனாட்கியில் பிறந்தார். தந்தை துணி நெய்பவர். ஊர்க் கொண்டாட்டங்களில் வாத்தியமும் வாசித்தவர். தாய், பல இசைக்கலைஞர்களைத் தந்த பிரிக்ஸி குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறுவனாகப் பிராக் நகரத் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த பெண்டா, அங்கிருந்து யாருக்கும் தெரியாமல் டிரெஸ்டனுக்குச் சென்று அரசவைப் பாடகர் குழுவில் சேர்ந்தார். பிறகு பிராகுக்குத் திரும்பி, 1723இல் பேரரசர் ஆறாம் சார்லஸின் முடிசூட்டு விழாவுக்கென அரங்கேறிய பிரம்மாண்டமான ஓபராவின் கூட்டுப்பாடலிலும் பாடினார். குரல் உடைந்து பாட்டு கைவிட்ட பிறகே வயலின் அவருக்குப் பிழைப்பானது. விடுதிகளில் நடனத்துக்கு வாசித்துத் திரிந்த குழு ஒன்றில் சேர்ந்தார். அக்குழுவில் இருந்த லோபல் என்னும் பார்வையற்ற யூத வயலின் கலைஞர்தான் அவருக்கு மிகுந்த பயனுள்ள ஆசிரியராக அமைந்தார். அரசவையின் அணிந்து அடங்கிய இசைக்குப் பெயர்போன ஒருவரின் கைப்பழக்கம் ஊர் விடுதியில் தொடங்கியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வியன்னாவிலும் போலந்திலும் சில ஆண்டுகள் பணியாற்றியபின், புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸின் பரிந்துரையால் 1733இல் ரூப்பினில் இருந்த பிரஷ்ய இளவரசர் பிரெடரிக்கின் இசைக்குழுவில் சேர்ந்தார். இளவரசர் 1740இல் அரியணை ஏறியதும் பெர்லினும் போட்ஸ்டாமும் பெண்டாவின் இருப்பிடங்களாயின. 1763இல் எழுதிய தன்வரலாற்றில், அதுவரை மன்னருடன் குறைந்தது 10,000 புல்லாங்குழல் கான்செர்ட்டோக்களுக்கு (தனி வாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் உருப்படிகளுக்கு) உடன்வாசித்திருப்பதாக அவரே குறிப்பிடுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தால், ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேல் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை குவான்ட்ஸும் மன்னரும் எழுதியவை. குவான்ட்ஸ் மட்டுமே ஏறத்தாழ 300 கான்செர்ட்டோக்களை எழுதியவர். ஓவியர் அடோல்ஃப் மென்ட்செல் அடுத்த நூற்றாண்டில் வரைந்த, மன்னரின் சான்சூசி அரண்மனைக் கச்சேரி ஓவியத்தை, இந்த அரசவைக் காலத்தைப் பற்றிய கூட்டத்தில் திரையில் காட்டினோம். நடுவில் மன்னர் குழலூதுகிறார், பெரிய பாக்கின் மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக், பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டின் முன் அமர்ந்திருக்கிறார், பெண்டா வயலினோடு நிற்கிறார். வந்திருந்தவர்களில் பலர் அந்த ஓவியத்தை முன்பே பார்த்திருந்தும், வயலினோடு நிற்பவரின் பெயரை அன்றுதான் அறிந்தார்கள்.

ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம், அவருடைய வயலின் சொனாட்டாக்களுக்கென (வயலினும் துணை வாத்தியமும் வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட உருப்படிகளுக்கென) நடந்ததே. நூற்றுக்கும் மேற்பட்ட சொனாட்டாக்களை எழுதிய அவருடைய படைப்புகளில் வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சிலவே. பெரும்பகுதி கையெழுத்துப் படிகளாகவே தங்கிவிட்டது. அவர் பெயர் பரவாமல் போனதற்கு இதையே முதற்காரணமாக நான் கருதுகிறேன். பெர்லின் அரசு நூலகத்தில் உள்ள ஒரு கையெழுத்துத் தொகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட சொனாட்டாக்கள் இருக்கின்றன. அதன் பக்கங்களில் மூன்று வரிகள் சேர்ந்து ஓடும்: ஒன்றில் எளிய மெட்டு, ஒன்றில் அதே மெட்டு அணிகளோடு வாசிக்கப்படும் வடிவம், மற்றொன்றில் அடித்தளச் சுரங்கள். மெதுவான பகுதிகளில், எளிய வரியில் நான்கைந்து சுரங்கள் நிற்கும் இடத்தில் பக்கத்து வரி நுண்ணிய சுரங்களால் நிறைந்திருக்கும். ஆனால் எந்த முக்கியச் சுரமும் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்காது. கீர்த்தனையின் ஒரே வரிக்குச் சங்கதி மேல் சங்கதியாகக் கேட்டுப் பழகிய நமக்கு, அந்தப் பக்கம் அயலாகத் தோன்றவில்லை. நம் இளம் உறுப்பினர் ஒருவர் ஒரு சொனாட்டாவின் அடாஜியோவை (மெதுவான பகுதியை) முதலில் எளிய வரியின்படியும், பின்னர் அணிவரியின்படியும் வாசித்துக் காட்டினார். ஹார்ப்சிகார்ட் கிடைக்காததால் கீபோர்டே துணை நின்றது. இருந்தும் அரங்கில் சிறு சலசலப்புகூட இல்லை.

1772இல் போட்ஸ்டாமில் பெண்டாவைச் சந்தித்த ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, அவருடைய வாசிப்பு இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி முதலிய எந்தப் பள்ளியையும் சேர்ந்ததன்று, நல்ல பாட்டையே முன்மாதிரியாகக் கொண்டது என்று மதிப்பிட்டார். அந்த மதிப்பீடு எவ்வளவு சரியானது என்பதை அன்றைய இரு வாசிப்புகளும் நமக்குக் காட்டின. வேகமான பகுதிகளில் அவரைவிடத் திறமை காட்டிய சமகாலத்தவர்கள் உண்டு என்று உறுப்பினர் ஒருவர் எடுத்துரைத்ததையும் பதிவு செய்கிறேன். அது உண்மையே. ஆனால் மெதுவான பகுதியில் வில்லால் பாடவைக்கும் கலையில் அவருக்கு நிகராக அக்காலத்தில் வெகு சிலரையே சொல்ல முடியும்.

சிம்பொனிகளுக்கும் வயலின் கான்செர்ட்டோக்களுக்கும் ஒரு கூட்டம் ஒதுக்கினோம். இ மைனர் புல்லாங்குழல் கான்செர்ட்டோவை அன்பர்கள் மறுமுறையும் கேட்க விரும்பினார்கள்.

குடும்பத்தைப் பற்றிய கூட்டத்திற்கும் நல்ல வரவேற்பு இருந்தது. 1742இல் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பொஹீமியாவிலிருந்து பிரஷ்யாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தம்பி கெயோர்க், கோத்தா அரசவையின் இசைத் தலைவராகி அண்ணனைவிடப் புகழ்பெற்றார். மகள் யூலியானே பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் விளங்கி, இசையமைப்பாளர் ரைக்கார்ட்டை மணந்து, 1783இல் இளவயதிலேயே காலமானார். பெண்டாவுக்கு இசைக்குழு முதல்வர் பதவி 1771இல், அதுவரை அப்பதவியில் இருந்த யோஹான் கோட்லீப் கிரௌன் மறைந்த பிறகே கிடைத்தது. ரூப்பினில் சேர்ந்து 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1786 மார்ச் 7 அன்று, போட்ஸ்டாமை அடுத்த நோவாவெஸில் அவர் காலமானார். பொஹீமிய நெசவாளர்களுக்காக மன்னர் உருவாக்கிய குடியிருப்பு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னரும் மறைந்தார்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். சந்தா நிலுவை வைத்துள்ள உறுப்பினர்கள் விரைவில் செலுத்தி உதவ வேண்டுகிறேன். இசைத்தட்டுகளை இரவல் தந்தவர்களுக்கும், அரங்க ஏற்பாடுகளைத் தவறாமல் கவனித்துக்கொண்ட அன்பர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில், மொசார்ட் பெரிதும் பாராட்டிய கெயோர்க் பெண்டாவின் ‘நாக்ஸோஸில் அரியாட்னே’, ‘மெடேயா’ ஆகிய இசை நாடகங்களை எடுத்துக்கொள்ளவும், அண்ணனின் சொனாட்டாக்களில் மேலும் இரண்டையாவது நம் உறுப்பினர்களைக் கொண்டே மேடையேற்றவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரையோடு இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணியில்,
செயலாளர்