புரதக் கோளங்கள் வெந்து இறுகியவை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மீயொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால்) மருந்தையோ வாயுவையோ உள்ளே அடைக்கும் புரத நுண்கோளங்கள் தயாரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு பிழை. ஒலி தரும் சூட்டில், முட்டையின் வெள்ளைக்கரு வேகுவதுபோல ஆல்புமின் என்ற புரதம் இறுகி ஓடாகிறது என்கிறார் கட்டுரையாளர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக்கும் மார்க் கிரின்ஸ்டாஃபும் 1990, 91லேயே இதைத் துருவிப் பார்த்துவிட்டார்கள்.

20 கிலோஹெர்ட்ஸ் ஒலி பாயும்போது நீரில் நுண்குமிழ்கள் உப்பி, சட்டென்று நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில் வெப்பநிலை சுமார் 5000 கெல்வின். ஆனால் அது கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை. அங்கே ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சூப்பர்ஆக்சைடு என்ற வீரியமான துகள்தான், அடுத்தடுத்துள்ள புரத மூலக்கூறுகளின் சிஸ்டீன்களை (கந்தகம் உள்ள அமினோ அமிலங்களை) கந்தகப் பாலங்களால் பிணைக்கிறது. ஆக்சிஜனை விலக்கினால் கோளங்கள் உருவாவதில்லை. சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதியைச் சேர்த்தால் விளைச்சல் சரிகிறது. சிஸ்டீன் இல்லாத மயோகுளோபின் என்ற தசைப் புரதத்திலும் கோளம் கிடைக்கவில்லை. சூடு மட்டுமே காரணமென்றால் இவை எதற்கும் விளக்கம் இல்லை. (சிஸ்டீனே இல்லாத ஸ்ட்ரெப்டாவிடின் என்ற இன்னொரு புரதத்திலும் கோளம் உண்டாக்க முடியும் என்று 2002இல் அவிவியும் கெடான்கெனும் காட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் புரதத்துக்கும் ஒரே விதி கிடையாது.)

மருந்து விஷயத்தில் இது வெறும் ஆய்வக நுணுக்கம் அல்ல. கந்தகப் பாலத்தை ஒடுக்கும் பொருள்களால் (எலக்ட்ரான் கொடுப்பவற்றால்) உடைக்கலாம். இரத்தத்தைவிட உயிரணுக்களுக்குள் குளுட்டதயோன் என்ற அத்தகைய பொருள் பல மடங்கு அதிகம். கோளத்துக்குள் எண்ணெயில் கரைத்து வைத்த மருந்தை எங்கே திறந்துவிடலாம் என்ற யோசனையே இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இன்னொன்று: இந்த முறையில் செய்த புற்றுநோய் மருந்து விற்பனையில் இருப்பதாகக் கட்டுரை நம்பவைக்கிறது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆல்புனெக்ஸ் (1994), ஆப்டிசான் (1997) இரண்டும் வாயு நிரம்பிய ஆல்புமின் கோளங்கள். இதய ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிவதற்கானவை, மருந்து சுமப்பவை அல்ல. 2005இல் வந்த அப்ராக்சேனில் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து ஆல்புமினோடு சேர்ந்திருப்பது உண்மை. ஆனால் அது சுமார் 130 நானோமீட்டர் துகள், உயர் அழுத்தத்தில் சிதறடித்துச் செய்வது. மீயொலிக் கோளமோ சில மைக்ரான். தந்துகிக்குள் (மிக மெல்லிய இரத்தக் குழாய்க்குள்) நுழைந்து போகும், இரத்தக் குழாய்ச் சுவரைத் தாண்டிக் கட்டிக்குள் கசியாது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால், நோயாளியின் வீட்டார் இல்லாத ஒன்றைத் தேடி அலைவார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்