அகோஸ்டின்யோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகல் சைக்கிள் வீரர் ஜோவாவ் அல்மெய்டா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட் போக மிச்சமிருக்கும் இடத்தில் சைக்கிளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஸ்பெயினின் மூன்று வாரச் சைக்கிள் பந்தயமான வுவெல்டாவில் 2025-இல் அவர் இரண்டாம் இடம் பிடித்ததை அந்த நாட்டுக்கே முதல்முறை என்று எழுதியிருப்பது தவறு. 1974-லேயே அதே நாட்டு வீரர் ஜோவாகிம் அகோஸ்டின்யோ அந்த இடத்துக்கு வந்துவிட்டார். அல்மெய்டா தோற்றது 1 நிமிடம் 16 விநாடி வித்தியாசத்தில். அகோஸ்டின்யோவோ ஸ்பெயினின் ஃபுவென்டேயிடம் கோட்டைவிட்டது வெறும் 11 விநாடியில். மூன்று வாரம் மிதித்து, 11 விநாடி!

2013 உலக சாம்பியன் ரூயி கோஸ்டாவுக்காவது ஒரு வரி கிடைத்தது. அகோஸ்டின்யோவுக்கு அதுவும் இல்லை. இத்தனைக்கும் இவர் பிறந்த டோரஸ் வெட்ராஸும் அல்மெய்டாவின் கால்டாஸ் டா ரைன்யாவும் ஒரே வட்டாரம்தான்.

அகோஸ்டின்யோ பந்தயத்துக்கு வந்ததே 25 வயதில். மொசாம்பிக்கில் காலனிப் போருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் சேர்ந்தார். கூட்டத்துக்கு நடுவே நெருக்கியடித்து ஓட்டும் வித்தை அவருக்குக் கடைசிவரை சரியாகக் கைவரவில்லை, அடிக்கடி விழுவார். உடல் பலம் மட்டும் அசாத்தியம். 1969-இல் முதல் டூர் டி பிரான்ஸிலேயே இரண்டு கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்றார். 1978, 1979 இரண்டு ஆண்டும் ஹினோ, ஸூட்டமெல்க் ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடம். அதே பந்தயத்தில் 36 வயதில் பிரான்ஸின் ஆல்ப் டுவெஸ் மலை உச்சிக்குத் தனியாளாக ஏறி ஜெயித்தார். 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில், 14-ஆம் எண் வளைவில் இன்று அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது.

ஊக்கமருந்து விவகாரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1969, 1973 ஆண்டுகளில் போர்ச்சுகல் சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்த பட்டங்கள் அதனால் பறிபோயின. இடைப்பட்ட 1970, 71, 72 மூன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. மக்கள் அவரைக் கைவிடவும் இல்லை.

முடிவுதான் கொடுமை. 1984 ஏப்ரல் 30, தெற்குப் போர்ச்சுகலின் அல்கார்வ் பந்தயம், முன்னணியில் இருப்பவர் அணியும் தலைமைச் சட்டை அவர் மேல். குவார்டெய்ராவில் இறுதிக்கோட்டுக்குச் சற்று முன்னால் நாய் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. விழுந்தவரை அணித் தோழர்கள் தாங்கிப் பிடிக்க, மறுபடி சைக்கிளில் ஏறிக் கோட்டைக் கடந்தார். மண்டை ஓட்டில் விரிசல் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஹெல்மெட் கட்டாயமில்லாத காலம் அது. லிஸ்பனுக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தும் பத்தாம் நாள் இறந்துபோனார். வயது 41.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. இடமிருந்தால் அந்தச் சிலையின் படத்தையும் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு