கழற்றிய கருவியைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறை இருப்பதாக நிறுவனங்கள் திரும்பப் பெற்ற, குழந்தைகளுக்கான மருத்துவக் கருவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிறுவனமே மாற்றுக் கருவி தந்துவிடும், பெற்றோர் பதற வேண்டாம் என்று முடித்திருந்தீர்கள். பதற வேண்டாம், சரி. ஆனால் அந்த மாற்றத்துக்கு நடுவில் பெற்றோர் கையை விட்டுப் போகிற பொருள் ஒன்று இருக்கிறது, பிள்ளையின் உடம்பிலிருந்து கழற்றிய பழைய கருவி, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் மகனுக்கு ஒன்றரை வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தோம், காது கேளாத பிள்ளைக்குச் சத்தம் கேட்க அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் பொருத்தும் கருவி அது. கேட்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு சத்தம் சொல்வேன், அவன் திருப்பிச் சொல்வான். கேட்கவும் பேசவும் பழக்கும் தெரபிக்குப் போகிற வீடுகளில் இது பல் தேய்க்கிற மாதிரி. ஐந்து வயதில் ஒரு நாள் 'ஸ்' சொன்னபோது பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் 'ஷ்' போனது. பேட்டரி, கேபிள், தலையில் ஒட்டுகிற காயில் எல்லாம் மாற்றிப் பார்த்தோம், காதில் மாட்டுகிற பிராசசரில் விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. மேப்பிங் செய்தார்கள், அதாவது கருவியின் ஒலி அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி மறுபடி அமைத்தார்கள், இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் காயிலை அவனே பிடுங்கி எறிய ஆரம்பித்தான். பரிசோதனையில் எல்லாம் சரி, பிள்ளைக்குத்தான் கவனம் போதவில்லை என்றார்கள். அதை நம்பி நான் அவனை அடித்திருக்கிறேன். ஏழு மாதம் கழித்து, இந்த வரிசைக் கருவிகளுக்குள் ஈரம் புகக்கூடும் என்று நிறுவனம் மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தின் நகல் எங்கள் கைக்கு வந்தது. வலியால்தான் பிடுங்கியிருக்கிறான்.

இதில் என்ன காயம் என்று உறவினர்களே கேட்டார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லைதான். ஆனால் மறுபடியும் மயக்கமருந்து, மறுபடியும் காதுக்குப் பின்னால் கத்தி, முதல் தடவை போன அளவுக்கு எலெக்ட்ரோடு (உள்காதுக்குள் செலுத்தும் கம்பி) உள்ளே போகுமா என்ற பயம், எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்து வயதுக் குழந்தை பேச்சு கற்கவேண்டிய ஏழு மாதம். வழக்கு என்று போனால் இவை எல்லாமே கணக்கில் வரவேண்டியவை, மாற்றுக் கருவி இலவசம் என்ற ஒரு வார்த்தையில் அடங்கிவிடக் கூடாதவை. தெரபி நோட்டு, மேப்பிங் அறிக்கைகள், எந்தத் தேதியில் எந்தச் சத்தம் போனது என்ற குறிப்பு, இம்ப்ளான்ட் அட்டையில் உள்ள சீரியல் எண், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

திரும்பப் பெறுதல் என்றதும் தலைக்குள் இருக்கும் கருவியையும் எடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2011 செப்டம்பரில் காக்ளியர் என்ற பெயருள்ள நிறுவனம் தன் நியூக்ளியஸ் சிஐ500 வரிசை இம்ப்ளான்ட்களைத் திரும்பப் பெற்றபோது, எடுத்தது இன்னும் பொருத்தாமல் அலமாரியில் இருந்தவற்றை மட்டுமே. வேலை செய்கிற கருவியைத் திறந்து எடுப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அது நியாயம்தான். அதனால் கடிதம் வந்த உடனே பழுதுக்குக் காத்திராமல் ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணர்) போய் இன்றைய நிலையைப் பதிவு செய்து வாங்குங்கள். பரிசோதனையில் தேறிவிடும் கருவிகூட உள்ளுக்குள் கோளாறாக இருக்கலாம், அதற்கு சாஃப்ட் ஃபெயிலியர் என்று இந்தத் துறை நிபுணர்களே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பொருளுக்கு வருகிறேன். தலையிலிருந்து கழற்றிய கருவி பெரும்பாலும் நேராக நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். எது பழுதானது என்று சொல்லப்போகும் ஒரே சாட்சி அது, அதை யார்மேல் வழக்குப் போடவேண்டியிருக்குமோ அவரிடமே ஒப்படைக்கிறோம்! ஆய்வுக்காகத் திறந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே எழுத்தில் கேளுங்கள்: கருவியைப் படம் எடுக்கவேண்டும், யாரிடம் எந்தத் தேதியில் போகிறது என்று எழுதித் தரவேண்டும், எங்களுக்குச் சொல்லாமல் திறக்கக் கூடாது, அறிக்கையின் நகல் வேண்டும். முடிந்தால் ஒரு வக்கீல் பெயரில் அந்தக் கடிதம் போகட்டும். நான் இது எதையும் செய்யவில்லை, ஒரு படிவத்தைக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

திரும்பப் பெற்றதால் மட்டுமே இழப்பீடு வந்துவிடாது. தயாரிப்பில் குறையா, வடிவமைப்பிலேயே குறையா, தெரிந்தும் எச்சரிக்கவில்லையா என்று காட்டவேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் கனம் அதிகம். அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் என்ற நிறுவனம் இம்ப்ளான்ட்டின் ஒரு பாகத்தை வேறு சப்ளையரிடம் வாங்கத் தொடங்கியதை மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவிடம் சொல்லவில்லை என்பதற்காக 2008ல் 11 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஈரம் புகுந்து பழுதான அந்தக் கருவியால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு 2013ல் கென்டக்கி நடுவர் குழு 70 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது, பெரும்பகுதி தண்டனைத் தொகை. இத்தனைக்கும் எஃப்டிஏ முழுமையாக ஆராய்ந்து அனுமதித்த கருவிகள்மீது மாநிலச் சட்டப்படி வழக்குப் போடுவதை அங்கே உச்ச நீதிமன்றத்தின் 2008ம் ஆண்டு ரீகல் தீர்ப்பு வெகுவாகச் சுருக்கிவிட்டது. அனுமதியின் நிபந்தனைகளையே நிறுவனம் மீறியது என்று காட்டினால்தான் வழி.

காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். குழந்தைக்கு மேஜர் ஆகும்வரை அவகாசம் உண்டு என்று யாராவது சொன்னால் அதோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பெற்றோர் செலவழித்த பணத்துக்கான உரிமை அதற்கு முன்பே காலாவதியாகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1985ம் ஆண்டு விதிப்படி (2026 டிசம்பர் 9க்கு முன் சந்தைக்கு வந்த பொருள்களுக்கு இதுதான்) பாதிப்பு தெரிந்ததிலிருந்து 3 வருடம், பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 வருடம், அவ்வளவுதான். ஒரு வயதில் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைக்குப் பதினோரு வயதுக்குள் கதவு மூடிவிடுகிறது. இடையில் நிறுவனம் ஏதாவது தொகை தருவதாகச் சொல்லி, இனி உரிமை கோரமாட்டோம் என்று எழுதி வாங்க வந்தால், பல நாடுகளில் குழந்தையின் பெயரிலான சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதலே வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டியாவது போட்டு, கழற்றிய கருவியைக் கொடுப்பதற்கு முன் என்ன கேட்கவேண்டும் என்று வெளியிடுங்கள். மகனுக்குப் புதுக் கருவி வைத்து ஒன்பது மாதம் ஆகிறது, 'ஷ்' திரும்பிவிட்டது, 'ஸ்' சில நாள் வருகிறது. பழைய கருவியின் ஆய்வறிக்கையைக் கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி