நம்ம ஊர்ச் சங்கத்தோட இந்த வருஷ ஆண்டறிக்கை (செயலாளர்)

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல படிக்கத்தான் எழுதினேன், அன்னைக்கு வந்தது 14 பேர், அதுல ரெண்டு பேர் பந்தல்காரங்க, அதனால இங்கயும் போடுறேன்.

பொங்கல் விளையாட்டு நடந்துச்சு. கண் முகாம் நடந்துச்சு. ஊருணிக் கரைய பாதி சுத்தம் பண்ணோம்.

அடுத்து, சங்கத்துக்கு ஸ்கேனர் எதுக்கு வாங்கினீங்கன்னு குரூப்ல கேட்டவங்களுக்கு: ஊர் வீடுகள்ல இருக்குற பழைய காகிதத்த ஸ்கேன் பண்ணி வைக்கத்தான். ஆடி மாசம் நம்ம தெருவுல ஒரு வீடு கைமாறுச்சு, சாவி குடுக்குறதுக்கு முந்தின நாள் ரெண்டு டிரங்குப் பெட்டி பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிருச்சு, நான் ஓடிப் போறதுக்குள்ள ஒரு பெட்டிக் காகிதம் லாரி ஏறிருச்சு, மிச்சத்த என் கைக்காசு போட்டு கிலோ கணக்குல வாங்கிட்டு வந்தேன். உள்ள ரங்கூன் கடையோட ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு), மொய் நோட்டு, ஒரு இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்த ஓலை), 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப பர்மாவ விட்டுக் கிளம்புறதப் பத்தி ஒரு கடுதாசி, அதுல பாதிய கரையான் தின்னுருச்சு.

பழைய கணக்குதானேங்கிறீங்க. கீழ் பர்மாவுல நெல் விளையுற 13 மாவட்டத்துல, வட்டிக்குக் கடன் குடுத்த நம்ம செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம், 1938ல 25 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாதவன் நிலமெல்லாம் வந்து சேந்தது. பெருமைப்பட்டுக்கிற கதையும் இல்ல அது, ஆனா நம்ம வீட்டுப் பேரேடு இல்லன்னா அரசாங்க ரிப்போர்ட் சொல்றது மட்டும்தான் நிக்கும்.

பக்கத்துக் கோட்டையூர்ல ரோஜா முத்தையா போர்டு எழுதுற தொழில் பண்ணிக்கிட்டே நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேத்து வச்சாரு. அவர் 1992ல இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்த சேகரிப்ப வாங்கி 1994ல சென்னையிலயே நூலகமா ஆக்குனாங்க. நான் உங்ககிட்ட கேட்டது, ஸ்கேன் பண்ண வீட்டுக்கு ஒரு பெட்டிக் காகிதம்தான்.

"சொத்துப் பத்திரம் வெளிய தெரிஞ்சிரும்"னு ஒரு ஆச்சி பயந்தாங்க, நியாயம்தான். பத்திரம் வேணாம். அசலையும் நாங்க வச்சுக்க மாட்டோம், ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துருவோம். பிரிட்டிஷ் லைப்ரரி 2004லேர்ந்து நடத்துற ஆவணத் திட்டத்துலயே அசல் அந்தந்த நாட்ட விட்டுப் போகக் கூடாதுங்கிறதுதான் விதி.

இன்னொன்னு சொல்லியே ஆகணும், பேர் சொல்லல. சங்கத்தோட முதல் மினிட்ஸ் நோட்ட நல்லெண்ணத்துல ஒருத்தர் செல்லோடேப் ஒட்டி, மேல நாலு பக்கத்த லேமினேஷனும் பண்ணிட்டாரு. டேப்போட பசை பழுத்து எழுத்த மறைக்கும், லேமினேஷன் பண்ணா திரும்பப் பிரிக்க முடியாது. தயவுசெஞ்சு ஒட்டுறது, லேமினேஷன் ஒண்ணும் பண்ணாதீங்க. துருப்பிடிச்ச குண்டூசிய மெதுவா எடுங்க, இருக்குற வரிசைய மாத்தாதீங்க, போட்டோ பின்னாடி பென்சில்ல பேர் எழுதுங்க, அந்த முகங்கள அடையாளம் சொல்ற ஆளுங்க இப்ப ஊர்ல நாலஞ்சு பேர்தான். பழைய தமிழ் எண்ணும் பின்னமும் படிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான், அவருக்கும் கண்ணு மங்குது.

வரவு செலவு கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு, விவரம் பொருளாளர் அண்ணன்கிட்ட. சந்தா பாதிப் பேர் கட்டல, அதுல மூணு பேர் செயற்குழுவுலயே இருக்காங்க. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு தம்பி மட்டும் கேக்காமலே அனுப்பினாரு.

தலைவர் ஐயாவுக்கும், அறை குடுத்தவங்களுக்கும், டீ குடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் நிக்கிறதா இல்ல, யாராவது முன்வந்தா சாவிய அன்னைக்கே குடுத்துருவேன். வரலைன்னா பாக்கலாம். அந்தக் காகிதமெல்லாம் இப்ப எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு, ஓடு ரெண்டு இடத்துல ஒழுகுது, ஐப்பசி மழைக்குள்ள ஒரு இரும்பு பீரோ யார் வீட்டுலயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க, வண்டிக்கூலி நான் பாத்துக்கிறேன்.