கால்கட்டை அவிழ்த்தவர்களுக்கு

அன்புள்ள அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும், ஆட்டோ அண்ணனுக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும்,

ஊரில் கால்கட்டு என்றால் கல்யாணம். சென்னையில் பூக்கடை என்ற பகுதியில் பிளாட்பாரத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது வேறு. இரவில் குழந்தை எழுந்து சாலைக்கு ஓடிவிடக் கூடாதே என்று, பழைய புடவையின் ஒரு முனையை அதன் காலிலும் மறுமுனையை என் காலிலும் கட்டிக்கொண்டு படுப்பேன்.

பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில் அரசின் வாரிய வீடு கிடைத்த பிறகும் கட்டினேன். கதவைச் சாத்தினால் சின்னவள் வீறிடுவாள். திறந்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அவள் கணுக்காலில் சிவந்த தடத்தை முதலில் பார்த்தவர் ஆயா. என்னைத் திட்டவில்லை. மாலையில் மாடியேறி வந்து, அவளையே கதவைச் சாத்தவும் திறக்கவும் வைத்து வெகுநேரம் விளையாடினார். நான்காம் நாள் சின்னவளே சாத்திக்கொண்டு உள்ளிருந்து "யார் அது?" என்றாள். சமைப்பதும் பிள்ளைகளை அழைத்துவருவதும் அவர் வேலை. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பெரியவனைப் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். வயதுச் சான்று இல்லாததற்காக எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது எனக்கு எப்படித் தெரியும்? டீச்சருக்குத் தெரிந்திருந்தது. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன் என்பதால் பிறப்புப் பதிவு இருந்தது, பெயர்தான் இல்லை. 15 வருடத்துக்குள் சேர்க்கலாமாம். ஆட்டோ அண்ணன் இரண்டு முறை அலைந்தார், வாடகை வாங்காமல். இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. காலை உணவில் பொங்கல் வரும் நாளை விரல்விட்டு எண்ணுகிறான்.

அக்காவுக்குத்தான் பெரிய கடன். வீடு மாறினாலும் பிழைப்பு பூக்கடைப் பக்கம்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, சரி, தூரம் குறைந்துவிடுமா? விடியுமுன் கிளம்ப வேண்டும். அப்போதிலிருந்து அங்கன்வாடி திறக்கும்வரை பிள்ளைகளைப் பார்க்க எந்தத் திட்டமும் இல்லை, அக்கா இருந்தார். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிளாட்பாரத்துக்கே போயிருப்போம். அப்படிப் போனவர்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு.

அக்கா, நீங்கள் சாம்பார் கொடுத்த தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பாயசத்தோடு வந்து கதவைத் தட்டுவாள். உடனே திறந்துவிடாதீர்கள், "யார் அது?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாவது மாடியிலிருந்து ஓர் அம்மா